பீப் அளவு ஜெபம்

போன வாரம் நாத்தனாரைக் கையில் கைபேசியோடு அடுப்படி வாசலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அதே இடத்தில், அதே பேயறைந்த முகத்தோடு நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே விடுவோம்.

“அண்ணி, இதைக் கேளுங்க. சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேளுங்க. அப்பா முன்னாடி ரூம்லதான் இருக்காங்க.”

காலை ஆறு மணி. அடுப்பில் பால். அண்ணிக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினாள்.

பத்து வினாடி விளம்பரம். வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, மாலை ஏழு மணிக்கு ‘வாய்க்கு வந்தபடி’. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்ட். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் நடுவில் பிதுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர். கூரையிலிருந்து ஒரு கீச்சுக் குரல் வருகிறது. “ஆண்டவரே, ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களை நினைச்சருளும்!” பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு ஒரு பதில் சொல்கிறார். அதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

குரலை வேகமாக ஓட்டியிருந்தார்கள். ஆனாலும் என்ன? ‘ஆண்டவரே’ என்று சொல்லிவிட்டு, பையில் ஸ்பானரைத் தேடுகிறவர் போல அரை வினாடி நிறுத்துகிற வழக்கம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் முன்னறையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்த வாசகர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டு மருமகள் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒலிப் பிரிவில் இருக்கிறாள். ‘வாய்க்கு வந்தபடி’ நகைச்சுவை நிகழ்ச்சியில், காது கூசுகிற வார்த்தை வரும் இடத்தில் ‘பீப்’ போடுவதும், சிரிப்பு வேண்டிய இடத்தில் சிரிப்பைச் சேர்ப்பதும் அவள் வேலை. நிலையத்தில் அவளுக்குப் பேரே பீப்பக்கா. புருஷன் கப்பலில் இருக்கிறான். வீட்டில் அவளும், பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காரும் நாத்தனாரும், மாமனாரும்.

மாமனார் நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். சபையில் அவர் ஜெபிக்க எழுந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார், அப்படி ஒரு குரல். இரண்டு மாசத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. இப்போது எதுவானாலும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை அவர் செய்த ஜெபத்தை மருமகள் கைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். பத்தொன்பது நிமிஷம். அவர் குரல் என்று இன்றைக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

“அது எப்படி அண்ணி அங்க போச்சு?”

மருமகளுக்குத் தெரியும். பதிவில் ஃபேன் இரைச்சல் அதிகம் என்று, அதை எடுக்க நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். போன மாசம் மூன்று நாள் வேலையை முழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. மாமா குரலையும் முழுங்கிவிட்டால்? அந்தப் பயத்தில், தினமும் நகல் எடுத்து வைக்கிற பொது அலமாரியில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். நிலையத்தில் இருக்கிற அத்தனை பேரும் திறந்து பார்க்கிற அலமாரி அது. தொலைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்ததுதான் இன்றைக்குச் சந்தி சிரிக்கிறது.

“என்னாலதான்,” என்றாள்.

“நான் மட்டும் என்ன யோக்கியமா?” என்றாள் நாத்தனார். “நேத்து சாயங்காலம் இதைப் பார்த்துட்டு நான் சிரிச்சேன் அண்ணி. அப்பான்னே தெரியாம! சிரிச்சுக்கிட்டே பத்து பேருக்கு அனுப்பிட்டேன். இன்னைக்குப் பல்லு விளக்கும்போது சும்மா மறுபடியும் போட்டேன். அப்பதான்...”

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. முன்னறையில் சிலேட்டை விரலால் இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது. ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்.

“சொல்லிடலாமா அண்ணி?”

“வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள நான் அதை நிறுத்திடுறேன்.”

“எப்படி?”

“தெரியாது.”

*

சிலேட்டில் அன்றைய வசனம் தயாராக இருந்தது. வாய்க்குக் காவல் வைக்கும்படி கேட்கிற வசனம். மருமகள் அதை வழக்கம்போல ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். வாய்க்குக் காவல் கேட்டவர் காதுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா என்று தோன்றியது. தோன்றியதற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

கண்ணை மூடினாள். உள்ளே பாட்டு ஓடியது. முந்தின நாள் மிக்ஸ் செய்த பாட்டு. ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றி மட்டும் நாலு நிமிஷம் பாடுவார்கள். நல்ல பாட்டு மண்டையில் நிற்க நூறு தடவை கேட்க வேண்டியிருக்கிறது, இது ஒரே தடவையில் பாய் விரித்துப் படுத்துவிடுகிறது. எதிரே மாமாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவள் கர்த்தரைத் தேடிப் போனால் இடுப்புப் பாட்டு குறுக்கே வந்தது. அதைத் தள்ளினால் அந்த விளம்பரத்துச் சிரிப்பு வந்தது. கால் தரையில் தானாக ஆடிக்கொண்டே இருந்தது.

நீண்ட ஜெபம் அவளுக்கு என்றைக்குமே வராது. மாமா ஜெபிக்க ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிடுவாள். நிலையத்தில் மட்டும் அவளாகக் கண்டுபிடித்த ஒரு வழி உண்டு. ஒரு பீப் ஒரு வினாடி. கெட்ட வார்த்தையின் மேல் பீப்பை வைத்ததும், அந்த ஒரு வினாடிக்குள் மனசுக்குள் ‘ஆண்டவரே’ என்று சொல்லிவிடுவாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல நேரமிருக்காது, அதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு பீப் என்றால் நூறு தடவை. இதெல்லாம் ஜெபத்தில் சேர்த்தியா என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

கேட்கவும் முடியாது. சபையில் ஒருவருக்கும் அவள் எந்த நிகழ்ச்சியில் வேலை பார்க்கிறாள் என்று தெரியாது. யாரோ கேட்டபோது ‘பறவைங்க பத்தின படத்துக்கு சவுண்ட் பண்றேன்’ என்று வாயில் வந்துவிட்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது ஒருவர் ஒரு பறவையைப் பற்றி விசாரிக்கிறார். அவளும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறாள். நிலையத்திலோ, சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துதான் ஜெபிப்பாள். இப்படி இரண்டு பக்கமும் வேஷம் போட்டே ஆறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

*

விளம்பரத்தை வேறு பிரிவில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். முழு லிஃப்ட் காட்சி மிக்ஸிங் அறையில் அவளுக்காகக் காத்திருந்தது. ஐந்து நிமிஷம். பீப் வேண்டிய இடம் இருபத்து மூன்று. சிரிப்பு வேண்டிய இடம் பதினொன்று. பதினொன்றில் எட்டு மாமாவின் குரலுக்கு அப்புறம்.

நடிகன் குண்டூசி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேஷம் அவனுக்குத்தான். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், அதனால் அந்தப் பேர். நாற்காலியில் உட்கார்ந்து எதிர் நாற்காலியில் காலை நீட்டினான்.

“எப்படி பீப்பக்கா? அலமாரியைக் குடையும்போது கிடைச்சுது. யாரோ ஒரு பெருசு லிஃப்ட்டுக்கெல்லாம் ஜெபம் பண்ணுது! எழுதி வச்சாக்கூட இப்படி வராது. முதல் மூணு நிமிஷத்துலயே எனக்கு அஞ்சு நிமிஷத்துக்குச் சரக்கு கிடைச்சுடுச்சு.”

‘அது என் மாமனார்’ என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, அப்புறம் அப்படியே உள்ளே போய்விட்டது. சொன்னால் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. ‘அட, பீப்பக்கா அந்த ரகமா!’ என்று சாப்பாட்டு அறையில் ஒரு வாரம் ஓட்டுவார்கள். வாய்க்குக் காவல் கேட்டு எழுதிய துண்டுக் காகிதம் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“முழுசா ஒரு தடவை கேட்டுக்கறேன்,” என்று மட்டும் சொல்லி ஹெட்போனை மாட்டினாள்.

அவன் கைபேசியை நோண்ட ஆரம்பித்தான். அவள் மூலப் பதிவைத் திறந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பத்தொன்பது நிமிஷத்தை அவளும் முழுசாகக் கேட்டதில்லை. பதிந்த அன்றைக்குக் கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரைச்சலை எடுத்தபோதும் தொடக்கத்தைக் காட்டிவிட்டு மீதியை மெஷினிடம் விட்டுவிட்டாள்.

லிஃப்ட்டுகள் முடிந்தன. மறுநாள் கத்தி பிடிக்கப்போகிற டாக்டரின் கை வந்தது. கப்பலில் இருக்கும் மகன் வந்தான். மகளுக்கு ஒரு நல்ல வரன் கேட்டார். பதினாலாவது நிமிஷத்தில் மாமா கனைத்துக்கொண்டார்.

“ஆண்டவரே... என் மருமக விஷயம் ஒண்ணு. அவ என்கிட்ட சொல்லல, நானா கண்டுபிடிச்சேன். வெள்ளிக்கிழமை அவ பஸ்ல வந்துக்கிட்டிருக்கும்போது அந்த ப்ரோகிராமை நான் பார்க்கிறேன். கடைசியில பேர் போடுவாங்கல்ல, அதுல மூணாவது வரி அவ பேரு. அது வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். முன்னாடி வர்றதெல்லாம் சாக்கடை. அரை மணி நேரம் எனக்கே தாங்கல, நாள் பூரா அது அவ காது வழியா ஓடுது. சபையில பறவைன்னு சொல்லி வச்சிருக்கா. இருக்கட்டும். அவளை மட்டும் கேட்டா நல்லா இருக்காது. அந்தப் பட்டியலை நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இருபத்தாறு பேர். வரிசையா சொல்றேன், கேளும்.

“முதல்ல அந்தக் குண்டூசித் தம்பி. ஊரையே சிரிக்க வைக்கிறான். கண்ணைப் பார்த்தா சரியாத் தூங்கின பிள்ளை மாதிரி தெரியல. அவனைச் சிரிக்க வைக்க யாராவது இருக்காங்களான்னு பாரும். ரெண்டாவது, டைரக்டரு...”

பின்னால் ஏதோ டங்கு டங்கென்று கேட்டது. எவ்வளவு எடுத்தும் போகாத சத்தம். அவர் அவளுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் அது.

அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமும் கோபமும் கலந்த அழுகை. கோபம் முழுக்கத் தன் மேல்தான்.

“என்னம்மா, கண்ணு கலங்குது? அவ்வளவு சிரிப்பா வந்திருக்கா?” டைரக்டர் உள்ளே வந்திருந்தார். “மணி மூணு. அஞ்சு மணிக்கு அனுப்பணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அவள் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். பதிவைப் பதினாலாவது நிமிஷத்துக்கு இழுத்துவிட்டு ஓடவிட்டாள். நிலையத்தில் வாங்கிப் போட்டிருந்த அத்தனை பெரிய ஸ்பீக்கர்களிலும் மாமா பேசினார்.

‘குண்டூசித் தம்பி’ என்று வந்ததும் குண்டூசி நிமிர்ந்தான். நீட்டியிருந்த கால் நாற்காலியிலிருந்து இறங்கியது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

டைரக்டர் கைதட்டினார்.

“அட்டகாசம்! இதைக் கடைசியில போடுறோம். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அழ வச்சுடலாம். யாரு இந்தப் பெரியவரு? ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வர முடியுமா?”

“முடியாது சார்.”

“ஏன்?”

“அவருக்கு இப்போ குரல் இல்ல. இது என் மாமனாரு. இது எங்க வீட்டு ஜெபம்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நானும் ஜெபம் பண்றவதான் சார். இத்தனை நாளா சொல்லல. இந்தக் குரலை எடுத்துடணும்.”

சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை.

“என்னம்மா விளையாடுறியா?” டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “நேத்துல இருந்து விளம்பரம் ஓடுது. அஞ்சு நிமிஷ ஓட்டையை நான் எதை வச்சு அடைக்கிறது? பொது அலமாரியில கொண்டுபோய் வச்சது யாரு? நீதானே?”

“நான்தான். என் தப்புதான்.”

“அப்புறம் என்ன? அங்க இருக்கிறதை யாரும் எடுக்கலாம்.”

“அப்போ சிரிப்பை வேற யாராவது போடட்டும் சார். நான் போட மாட்டேன்.”

டைரக்டரின் முகம் இறுகியது. இந்தப் பெண் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது. குண்டூசி எழுந்து நின்றிருந்தான்.

“சார், கூரைக் குரலை நான் பேசிடறேன். ஜெபம் வேண்டாம். லிஃப்ட் கம்பெனி ஆளா பேசறேன். உள்ள மூணு பேரும் மூச்சு முட்டிக் கத்துறாங்க. மேல இருந்து ஒருத்தன், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்’ அப்படின்னு சொல்லிக்கிட்டே இருக்கான். என்ன கேட்டாலும் அதே. கடைசியில, ‘எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?’”

டைரக்டர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். உதடு கேட்கவில்லை.

“இருபது நிமிஷம். அதுக்குள்ள பேசி முடி,” என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. “வேலைக்கு நடுவுல மாட்டேன்னு சொல்ற ஆளு எனக்கு ஒத்துவராது. இதை முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பு. திங்கட்கிழமை பேசிக்கலாம்.”

*

மாமா குரல் போனது. சாக்கடை போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வார்த்தைகள் அப்படியேதான் இருந்தன. இருபத்து மூன்று பீப்பையும் அவள் போட்டாள், இருபத்து மூன்று தடவை ‘ஆண்டவரே’ என்றாள். ஏதோ ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

நாலரை மணிக்கு நாத்தனார் கூப்பிட்டாள்.

“அண்ணி, நான் வீட்டுல இருக்கேன். பத்து பேருக்கும் போன் போட்டேன். ஒன்பது பேரு அழிச்சுட்டாங்க. பத்தாவது ஆளு நம்ம சபைப் பாடகர் குழுவுல இருக்கிற பொண்ணு. அவ குழுவுல போட்டு, அங்க யாரோ அப்பா குரலைக் கண்டுபிடிச்சு, நேரா அப்பாவுக்கே அனுப்பிட்டாங்க.”

“மாமா கேட்டுட்டாங்களா?”

“மதியம் சாப்பிடவே இல்ல. கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ள எதையோ டர்ருன்னு கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு அண்ணி. எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் வாங்க.”

பஸ்ஸில் எவனோ இடுப்புப் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தான். அவளுக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு, அந்தப் பாட்டை அவன் காதுக்கு ஏற்றபடி கூர்மையாக்கித் தந்ததே தன் கைதானே என்று நினைவுக்கு வந்தது. ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தாள். வெள்ளிக்கிழமைகளில் இந்த நேரத்துக்கு அவள் வந்ததே இல்லை. மாமா கதவைத் திறந்துகொண்டு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. நாத்தனார் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள்.

“மாமா...”

அவர் சிலேட்டை எடுத்தார். ‘கேட்டேன்.’

துடைத்தார். மறுபடி எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ‘வேகத்தைக் கூட்டிட்டாங்க. லிஃப்ட்டையும் ஜெபத்தையும் அப்படி ஓட்டக் கூடாது.’ கடைசி இரண்டு வார்த்தைக்கு அடியில் சாக்பீஸ் உடைகிற அளவுக்கு ஒரு கோடு போட்டார்.

“மன்னிச்சுடுங்க மாமா. நான்தான் அதை அங்க கொண்டுபோய் வச்சேன். இன்னைக்கு எடுக்கச் சொல்லிட்டேன். எடுத்துட்டாங்க. ஆனா விளம்பரம்...”

கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

மூன்று பேரும் பார்த்தார்கள். லிஃப்ட் வந்தது. கூரையிலிருந்து குண்டூசியின் குரல் வந்தது, குழைந்து, மரியாதையாக, ஒரு உபயோகமும் இல்லாமல். நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது, பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வருஷம் அந்த மாதிரிக் கம்பெனிகளோடு மாரடித்தவர் மாமா. அவர் உதட்டோரமும் ஒரு தடவை அசைந்தது. பீப் விழுந்த இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் பேர்கள் ஓடின. மாமா முன்னுக்குச் சாய்ந்தார். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் வேறு யாரோ இருந்தார்கள். பட்டியல் மேலே போய் மறைந்து, சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். சிலேட்டில் எழுதினார். ‘உன் பேர் எங்கே?’

“எடுத்துட்டாங்க மாமா. திங்கட்கிழமை பேசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

சிலேட்டைத் துடைத்தார். அப்புறம் எழுதினார். ‘அப்போ பறவைங்க கிட்டயே போயிடேன்.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அவள் அதுவரை பார்த்திராத நோட்டு. பிரித்தார். உள்ளே ஒரு பக்கம் நாலாகக் கிழிக்கப்பட்டிருந்தது. மதியம் கேட்ட சத்தம் அதுதான். கிழித்தவரே அதை ஒன்று சேர்த்து, செல்லோடேப் போட்டு ஒட்டியும் வைத்திருந்தார். டேப் அவசரத்தில் கோணலாக விழுந்திருந்தது. இருபத்தாறு பேர்கள்.

கண்ணை மூடி வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. நோட்டை அவள் மடியில் வைத்தார். முதல் பேரின் மேல் விரலை வைத்தார்.

“நானா? மாமா, எனக்குச் சத்தமா ஜெபிச்சுப் பழக்கமில்ல.”

விரல் அப்படியே இருந்தது.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லை.

“ஆண்டவரே,” என்றாள். ஒரு வினாடி முடிந்தது. வழக்கமாக அங்கேயே நின்றுவிடுகிறவள். இன்று குறுக்கே வர அடுத்த வார்த்தை எதுவும் இல்லை. “ஆண்டவரே, குண்டூசித் தம்பி... இன்னைக்கு எனக்காக எழுந்து நின்னான். அவன் வாயில வர்றதை எல்லாம் நான் ஆறு வருஷமா மறைச்சிருக்கேன். அவனுக்காக ஒரு தடவை கூட உங்ககிட்ட கேட்டதில்ல. அவன் நல்லாத் தூங்கணும் ஆண்டவரே. அவனுக்கும் யாராவது இருக்கணும்.” மண்டைக்குள் இடுப்புப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேலே போனாள். ஒரு நிமிஷம் பேசியிருப்பாள். அவளுக்கே அது தன் குரல்தானா என்றிருந்தது.

கைபேசி ஒளிர்ந்தது. குண்டூசியிடமிருந்து ஒரு வரி.

‘பீப்பக்கா, அந்தப் பட்டியல்ல என் பேரை இன்னும் சொல்றாங்களா?’

பதில் எழுதக் கையை நீட்டினாள். அதற்குள் மாமாவின் விரல் இரண்டாவது பேருக்கு நகர்ந்துவிட்டது. கிழிசல் சரியாக அந்தப் பேரின் குறுக்கே போயிருந்தது. அதன் மேல் டேப் இரண்டு அடுக்கு.

டைரக்டர். இன்று அவள் பேரை எடுத்தவர். மாமா குரலைக் கேட்டுக் கைதட்டியவர்.

“ஆண்டவரே,” என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. ஒரு வினாடி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. நாத்தனார் ஓரக்கண்ணால் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் விரல் அதை விட்டு நகரவில்லை.